எம்மொழியில் மன்றாடுவது?

1918ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிக்கை வெளியிட்டார். பள்ளியில் கற்பிப்பது ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும். தெருவிலும் தொடர்வண்டியிலும் தொலைபேசியிலும் பேசப்படுவது ஆங்கிலமாகவே இருத்தல் வேண்டும். பொதுமேடைப் பேச்சும் ஆங்கிலத்தில், ஆலய வழிபாடும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் அறியாதவர்கள் தத்தம் வீட்டுக்குள் தங்கள் மொழியில் இறைவனைத் தொழுதுகொள்ளலாம் என்ற சலுகை ஒன்றும் அதில் இருந்தது. பிற மொழிகளில் செபிப்பது காலத்தை வீணாக்குவதாகும், கடவுள் ஆங்கிலத்துக்கு மட்டுமே செவிசாய்க்கிறார் என்னும் கருத்துப்பட ஆளுநர் பின்னர் பேசினார் என்றும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

படிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆனால் அக்காலத்தில் அயோவாவில் வாழ்ந்த ஜெர்மானியருக்கும், டேனியருக்கும், நார்வேயருக்கும், செக் மக்களுக்கும் அது நகைப்பாக இருக்கவில்லை. தொலைபேசியில் ஜெர்மன் பேசினர் என்பதற்காகப் பெண்கள் சிலர் தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது. ஆங்கிலம் அறியாத முதியவர்கள் ஞாயிறுதோறும் தங்களுக்கு விளங்காத மறையுரைக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தமையால் அது மட்டும் தப்பிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் நம் ஆலயங்களிலும் அவ்வாறே இருந்தது என்பதை முதிய வாசகர்கள் நினைவுகூர்வார்கள். பூசை இலத்தீனில், ஆனால் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், செபமாலை, ஞானப்பாடல்கள் யாவும் தாய்மொழியில். உள்ளம் பேசுகின்ற இடங்கள் அவை. ஆளுநரின் அறிக்கை கைவைத்ததும் அந்த இடங்களில்தான்.

குடியேறிகளாலேயே உருவான ஒரு நாடு, குடியேறிகளின் மொழிகளுக்கு எப்படி அஞ்சத் தொடங்கியது? இவ்வரலாற்றில் திருச்சபையின் பங்கு என்ன? நமக்குப் பெருமை தருவனவும் தராதனவும் இதில் உண்டு.

1683இல் ஜெர்மானியக் குடும்பங்கள் சில பென்சில்வேனியாவில் குடியேறி ஜெர்மன்டவுன் என்னும் ஊரை நிறுவின. அதன் பின்னர் அடுத்தடுத்துக் கப்பல்கள் வந்தன. 1751இல் பெஞ்சமின் பிராங்க்ளின், இந்த ஜெர்மானியரை நாம் ஆங்கிலேயராக்குவதற்கு மாறாக அவர்கள் நம்மைத் தங்களைப் போல் ஆக்கிவிடுவார்களோ என்று அஞ்சி எழுதினார். இதே பிராங்க்ளின் 1732இல் ஜெர்மன் மொழியில் ஒரு செய்தித்தாள் தொடங்கிப் பார்த்தவர், அது நிலைக்கவில்லை. வணிகத்துக்கு உதவாத மொழி பின்னர் ஆபத்தான மொழியாகத் தோன்றிற்று போலும். 1776இல் விடுதலை அறிக்கை நிறைவேறிய செய்தியை முதன்முதலில் வெளியிட்ட செய்தித்தாள் பிலடெல்பியாவில் வெளியான ஒரு ஜெர்மன் ஏடுதான். ஜூலை 5ஆம் நாளே அதில் அச்செய்தி வந்துவிட்டது. அந்நாட்டின் பிறப்புச் செய்தியே இவ்வாறு அயல்மொழியில் அச்சேறிற்று.

இங்கே ஒரு கட்டுக்கதையை விலக்கிவிட வேண்டும். ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழியாகும் வாய்ப்பை இழந்தது என்று கற்றோரும் சொல்லக் கேட்கிறோம். அப்படியொரு வாக்கெடுப்பு நிகழவேயில்லை. வர்ஜீனியா மாநிலத்து ஜெர்மானியர் சிலர் 1794இல் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். நாட்டின் சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட்டுத் தாருங்கள் என்பதே அவர்கள் கேட்டது. 1795 ஜனவரியில் அதன்மீதான விவாதத்தை ஒத்திவைக்கலாமா என்ற கேள்விக்கு 41 பேர் ஆம் என்றும் 42 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். விண்ணப்பமும் பின்னர் தள்ளுபடியாயிற்று. தாம் கீழ்ப்படிய வேண்டிய சட்டத்தைத் தமக்கு விளங்கும் மொழியில் கேட்ட எளிய மக்களின் வேண்டுகோள், காலப்போக்கில் நாட்டையே கைப்பற்ற வந்த சூழ்ச்சியாக உருமாறியதைப் பாருங்கள்.

கத்தோலிக்கரிடையே மொழிச் சிக்கல் அந்நாட்டுத் திருச்சபையின் தொட்டிற் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1789இல் பிலடெல்பியாவில் ஜெர்மானியக் கத்தோலிக்கர் தூய மூவொரு கடவுள் ஆலயத்தைக் கட்டினர். எல்லையால் அன்றி மொழியாலும் இனத்தாலும் அமைந்த முதல் பங்கு அந்நாட்டில் அதுவே. தங்கள் குருவைத் தாங்களே தெரிந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று அதன் அறங்காவலர் முதல் ஆயர் ஜான் கரோலோடு பிணங்கி, பிரிந்துபோய், 1802இல் மீண்டும் ஒப்புரவாயினர். அவர்கள் கேட்டது முழுவதும் நியாயமன்று. குருக்களை நியமிப்பது ஆயரின் பொறுப்பு. ஆயினும் நம் பாவத்தை நம் மொழியில் கேட்கும் குரு வேண்டும் என்ற வேட்கையை யார் குறைகூற இயலும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளம் பெருகிற்று. 1820க்கும் 1920க்கும் இடையே ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வந்தனர். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் அந்நாட்டு மக்களைக் கப்பலேற்றியது. பின்னர் போலந்தியர், இத்தாலியர், செக், சுலோவாக், இலித்துவானியர் என்று தொடர்ந்து வந்தனர். ஆயர்களுள் பெரும்பாலோர் ஐரிஷ் வழியினர், ஆங்கிலம் பேசியவர்கள்.

அந்த ஐரிஷ் மக்களின் முன்னோர் மொழி ஆங்கிலம் அன்று என்பதை இவ்வரலாற்றைப் படிக்கும்போது நாம் மறக்கலாகாது. அவர்களது மொழி கேலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரிஷ். 1831இல் அயர்லாந்தில் தொடங்கிய அரசுசார் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பஞ்சமோ ஐரிஷ் மொழி வழங்கிய மேற்குப் பகுதியையே மிகக் கடுமையாகத் தாக்கியது. மொழியை இழந்தும் விசுவாசத்தை இழக்காத மக்கள் அவர்கள். ஆகவே, மொழி போனால் விசுவாசம் போகும் என்று ஜெர்மானியர் சொன்னபோது அது அவர்களுக்கு விளங்கவில்லை. தங்கள் இழப்பையே பிறருக்கும் விதியாக்கினார்கள் என்று சொன்னால் சற்றுக் கடுமையாக இருக்கலாம்; முற்றிலும் பொய் என்று சொல்லவும் இயலவில்லை.

இக்கதையின் நடுநாயகர் இருவர். இருவரும் 1838இல் பிறந்தவர்கள். ஒருவர் மின்னசோட்டா மாநிலத்துத் தூய பவுல் நகரின் பேராயர் ஜான் அயர்லாந்து. பெயரும் அயர்லாந்து, பிறந்ததும் அயர்லாந்து நாட்டின் கில்கென்னி மாவட்டம். பஞ்சக் காலத்தில் சிறுவனாக அமெரிக்கா வந்து, பிரான்சில் குருத்துவக் கல்வி பெற்று, உள்நாட்டுப் போரில் படைவீரருக்கு ஆன்ம குருவாகப் பணியாற்றியவர். மற்றவர் பொதுநிலையினர், ஜெர்மனியின் லிம்பர்க் நகர வணிகர், பீட்டர் பவுல் காகென்ஸ்லி. இளமையில் பிரான்சின் லஹாவ்ர் துறைமுகத்தில் தொழில் பயின்றபோது, கப்பலுக்குக் காத்துக் கிடந்த ஏழைக் குடும்பங்கள் தரகர்களிடம் ஏமாந்து, ஆணும் பெண்ணும் கும்பலாய் அடைபட்டு, குருவின்றி வாடியதைக் கண்ணால் கண்டவர். 1871இல் புலம்பெயர்வோருக்குத் துணையாகத் தூய இரபேல் சங்கத்தைத் தொடங்கியவர். தோபியாவோடு வழிநடந்த வானதூதரின் பெயரை அதற்கு வைத்தது எத்துணைப் பொருத்தம்!

1886இல் மில்வாக்கி மறைமாவட்டத்தின் முதன்மைக் குரு பீட்டர் அபெலன், ஜெர்மானியப் பங்குகளுக்கும் ஆங்கிலப் பங்குகளுக்கு நிகரான உரிமை கேட்டு உரோமைக்கு விண்ணப்பம் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு உரோமை நடுநிலையோடு விடை தந்தது. ஒரே எல்லைக்குள் வெவ்வேறு மொழிப் பங்குகள் இருக்கலாம்; பிள்ளைகள் வளர்ந்தபின் ஆங்கிலப் பங்கில் சேர விரும்பினால் தடையில்லை. மேய்ப்புப்பணியின் அறிவு முழுதும் இவ்விடையில் அடங்கியுள்ளது என்பது என் எண்ணம். மொழியைச் சிறையாக்காமலும் வேரோடு பிடுங்காமலும் வழிவிட்டது அது.

ஆனால் 1890 டிசம்பரில் லூசர்ன் நகரில் கூடிய இரபேல் சங்கத்தார் மேலும் ஒரு படி சென்றனர். தனிப்பங்குகள், தாய்மொழியில் மறைக்கல்வி தரும் பள்ளிகள் ஆகியவற்றோடு, ஒவ்வொரு இனத்தாருக்கும் ஆயர் குழுவில் தம்மவர் இடம்பெற வேண்டும் என்றும் வேண்டினர். அமெரிக்கா சென்றவருள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்றும் எழுதினர். 1891 ஏப்ரலில் காகென்ஸ்லி அதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் கையில் அளித்தார் (நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த பாப்பரசர் இவர்). அந்த ஒரு கோடி வெறும் ஊகம். 1925இல் ஜெரால்டு ஷானெசி என்னும் குரு விரிவாக ஆராய்ந்து அதை மறுத்தார். நல்ல வழக்கைப் பொய்க் கணக்கால் கெடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் புயல் எழுந்தது. உரோமையிலிருந்து வந்த தந்திச் செய்திகள், ஜெர்மானிய அரசே இதன் பின்னால் நின்று சதி செய்வதாகக் கூறின. அத்தந்திகளை அனுப்பியவர்கள் பேராயர் அயர்லாந்தின் நண்பர்களே என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்டின் மேலவையில்கூட அந்த வணிகரின் பெயர் தாக்கப்பட்டது. திருத்தந்தை இன அடிப்படையில் ஆயர்களை நியமிக்கும் திட்டத்தை ஏற்கவில்லை. அவ்வளவில் அது சரியே. ஒரு மறைமாவட்டத்தில் ஐந்து மொழிக்கு ஐந்து ஆயர் என்றால் அது திருச்சபையாக இராது. பேராயர் அயர்லாந்தின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. 1844இல் பிலடெல்பியாவில் கலகக்காரர் கத்தோலிக்க ஆலயங்களை எரித்தனர். 1887இல் அயோவாவின் கிளின்டன் நகரில் கத்தோலிக்கருக்கு எதிராகவே ஒரு சங்கம் தோன்றிற்று. கத்தோலிக்கர் அந்நியர் என்ற பழியைத் துடைத்தால்தான் வாழமுடியும் என்று அவர் கருதினார்.

ஆனால் அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விட்டது? 1889 டிசம்பரில் கார்ப்பாத்திய மலைநாட்டு ரூத்தேனிய மக்களுக்காக வந்த அலெக்சிஸ் தோத் என்னும் கீழைவழிபாட்டுக் குரு, பேராயர் அயர்லாந்தின் முன் நின்றார். அவர் மனைவியை இழந்தவர். கீழைவழிபாட்டு மரபில் மணமானவர் குருவாவது முறைதான். பேராயர் அவரைக் குருவாக ஏற்கவே மறுத்துவிட்டார். இங்கே மொழி மட்டுமன்று, வழிபாட்டு முறையும் திருமணமும் சிக்கலாயின என்பது உண்மை. ஆனால் அடிப்படையில் இருந்தது ஒன்றே: எங்களைப் போல் இல்லாதவர் எங்களவர் அல்லர் என்ற எண்ணம். 1891இல் தோத் தம் பங்கு மக்கள் 361 பேரோடு உருசிய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். 1909இல் அவர் இறக்குமுன் அவரைப் பின்பற்றிச் சென்றவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பர். பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகரிலும் 1897இல் போலந்துச் சுரங்கத் தொழிலாளர், தாங்கள் காசு சேர்த்துக் கட்டிய ஆலயத்தில் தங்களுக்குக் குரல் இல்லை என்று மனம் நொந்து, பிரான்சிஸ் ஹோதூர் என்னும் குருவின் தலைமையில் பிரிந்தனர். 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் அவர் போலிஷ் மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றினார். போலந்து வழிவந்த முதல் ஆயர் நியமனம் பெற்றது 1908இல்தான். பிரிவினையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பொய்க் கணக்கில் வந்த ஒரு கோடிப் பேரைத் தேடிய காலத்தில், பெயரும் முகமும் உடைய இந்த மக்கள் கண்முன்னே வெளியேறினார்கள்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி 1887இல் புலம்பெயர்ந்த இத்தாலியருக்காக ஒரு குருக்கள் சபையைத் தொடங்கினார். சீனாவுக்குச் செல்ல விரும்பிய அன்னை கபிரினியை லியோ திருத்தந்தை கிழக்கே அன்று மேற்கே போகச் சொன்னார். 1889இல் நியூயார்க்கில் இறங்கிய அவர், இத்தாலியக் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியிலேயே மறைக்கல்வி தந்தார். 1909இல் தாமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அந்நாட்டுக் குடிமக்களுள் முதல் புனிதையாக 1946இல் அறிவிக்கப்பட்டார். தாய்மொழியைப் பேணியதால் அவரிடம் கற்ற பிள்ளைகள் அந்நியராய் நின்றுவிடவில்லை. ஜெர்மானியரும் அப்படியே. அவர்தம் பங்குகளில் பள்ளி இருந்தது, கன்னியர் இருந்தனர், நோயிலும் சாவிலும் கைகொடுக்கும் உதவிச் சங்கம் இருந்தது. புதிய நாட்டில் கால் ஊன்ற அந்த இடம் போதுமாயிருந்தது. பேரப்பிள்ளைகள் தாமாகவே ஆங்கிலத்துக்கு மாறினர்.

இந்த இயல்பான மாற்றத்துக்குக் காத்திருக்க அரசுகளுக்குப் பொறுமை இல்லை. 1889இல் விஸ்கான்சின் மாநிலம், முக்கிய பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்காத பள்ளி பள்ளியே அன்று என்று சட்டம் செய்தது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கைகோத்து 1890 தேர்தலில் ஆளுநரைத் தோற்கடித்தனர். 1891இல் சட்டம் நீங்கிற்று. ஐரோப்பாவில் மூன்று நூற்றாண்டுகளாகப் பிணங்கியிருந்த இரு சபையினரும் ஒரு மொழிக்காக ஒன்றுபட்டது விந்தையே.

பின்னர் முதல் உலகப் போர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஜெர்மன் பகைவன் மொழியாயிற்று. ஊர்களின் பெயர்கள் மாறின. புளித்த முட்டைக்கோசுக்குக்கூட விடுதலைக் கோசு என்று பெயர் வைத்தனர். 1918 ஏப்ரல் 5ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் நகரில் இராபர்ட் பிராகர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளியைக் கும்பலொன்று மரத்தில் தூக்கிலிட்டது. கடற்படையில் சேர விண்ணப்பித்துத் தள்ளப்பட்டவர் அவர். சாகுமுன் திரேஸ்டன் நகரிலிருந்த பெற்றோருக்குத் தாய்மொழியில் சில வரிகள் எழுத விட்டார்கள். தமக்காக மன்றாடும்படி வேண்டி எழுதினார். குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரையும் நீதிமன்றம் விடுவித்தது.

அயோவா ஆளுநரின் அறிக்கை இதற்கு ஏழு வாரம் கழித்து வந்தது. போர் முடிந்ததும் டிசம்பரில் அது விலக்கப்பட்டது. ஆனால் அச்சம் விலகவில்லை. 1919இல் நெபிராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பு முடியாத பிள்ளைகளுக்கு எப்பள்ளியிலும் அயல்மொழி கற்பிக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய பழைய மொழிகளுக்கு இது பொருந்தாது என்று மாநில நீதிமன்றம் விளக்கம் தந்தது. பேச்சுவழக்கு ஒழிந்த மொழிக்கு இருந்த உரிமை, உயிரோடிருக்கும் தாயின் மொழிக்கு இல்லை!

1920 மே மாதம், ஹாம்ப்டன் என்னும் சிற்றூரின் லூத்தரன் பள்ளியில் இராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை ஜெர்மனில் வாசிக்கச் செய்துகொண்டிருந்தார். வாசித்த பகுதி தொடக்க நூலில் வரும் யாக்கோபின் ஏணி. மாவட்ட அரசு வழக்கறிஞர் உள்ளே வந்தார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் அவர் போயிருப்பார், மேயர் மாறவில்லை. 25 டாலர் அபராதம். அதைக் கட்டிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அங்கே இந்த ஜெர்மானிய லூத்தரன் ஆசிரியருக்காக வாதிட்டவர் யார் தெரியுமா? ஆர்தர் முல்லன் என்னும் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐரிஷ் ஆயர்களும் ஜெர்மானியக் குருக்களும் எவ்வாறு மோதினர் என்பதை எண்ணும்போது, ஒரு பொதுநிலையினர் செய்த இந்தப் பரிகாரம் நெஞ்சை நெகிழ்விக்கிறது. 1923 ஜூன் 4ஆம் நாள் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் அச்சட்டத்தைச் செல்லாததாக்கினர். இத்தீர்ப்பை அடித்தளமாகக் கொண்டே 1925இல், கத்தோலிக்கப் பள்ளிகளை ஒழிக்கவிருந்த ஓரிகன் மாநிலச் சட்டத்திலிருந்து இயேசு மரி திருப்பெயர்களின் கன்னியர் விடுதலை பெற்றனர். ஒரு லூத்தரன் ஆசிரியரின் பிடிவாதம் நம் கன்னியரின் பள்ளிகளைக் காத்தது.

திருச்சபைக்குள் காற்று வேறு திசையில் வீசிற்று. 1916இல் சிகாகோவின் பேராயரான முண்டலைன், தாமே ஜெர்மானிய வழியினராயிருந்தும், பள்ளிகளில் ஆங்கிலத்தை வலியுறுத்தினார். புதிய இனப்பங்குகளுக்கு இசையத் தயங்கினார். 1917இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, உரோமையின் தனி அனுமதியின்றி மொழிவாரிப் பங்குகளை நிறுவலாகாது என்றது. புலம்பெயர்ந்தோரின் மேய்ப்புப்பணி பற்றிப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் விரிவான ஆவணம் வெளியிட்டார். 1983இன் சட்டத்தொகுப்பு, மொழியை முன்னிட்டும் பங்குகள் அமைக்கலாம் என்று 518ஆம் விதியில் கூறுகிறது. இவ்விதி நம் மறைமாவட்டங்களுக்கும் உரியதே. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் ஆலயத்தின் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் நகரப் பங்குகளில் அதனை ஒருமுறை எடுத்து வாசிக்கலாம்.

குடியேறிகளாக வராமலேயே மொழியை இழந்தவர்களும் அந்நாட்டில் உண்டு. அம்மண்ணின் தொல்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். அப்பள்ளிகளுள் கத்தோலிக்கச் சபைகள் நடத்தியவையும் இருந்தன. 2024 ஜூனில் அமெரிக்க ஆயர்கள் தொல்குடி மக்களிடம் மன்னிப்பு வேண்டி ஆவணம் வெளியிட்டனர்.

நாட்டளவில் ஆட்சிமொழி என்று ஒன்றை அறிவிக்காமலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்துவந்த அமெரிக்காவில், 2025 மார்ச் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஆணையொன்றால் ஆங்கிலத்தை அதிகார மொழியாக்கினார். ஆங்கிலம் அறியாதோருக்கு அரசு அலுவலகங்கள் மொழியுதவி செய்ய வேண்டும் என்றிருந்த 2000ஆம் ஆண்டு ஆணை அதனால் நீங்கிற்று. இம்முறை அச்சத்துக்குக் காரணமான மொழிகளில் முதன்மையானது ஸ்பானிஷ்.

சிகாகோவில் பில்சன் என்னும் பகுதி உண்டு. பொகேமிய நகரொன்றின் பெயரை நினைவாக வைத்துச் செக் மக்கள் வாழ்ந்த இடம். 1875இல் அவர்கள் அங்கே தூய புரோக்கோபியுஸ் பங்கை நிறுவினர். புரோக்கோபியுஸ் பதினோராம் நூற்றாண்டுச் செக் துறவி. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலம் பேசிக்கொண்டு வேறு இடங்களுக்குப் பெயர்ந்தனர். மெக்சிகோவிலிருந்து வந்தோர் அவ்வீடுகளில் குடியேறினர். ஆலயத்தில் மறையுரை ஸ்பானிஷ் மொழிக்கு மாறியது. டிசம்பர் 12இல் குவாதலூப்பே அன்னையின் விழாவைக் கொண்டாடும் அம்மக்களுக்குப் பங்கின் பாதுகாவலர் இன்னும் அந்தச் செக் துறவிதான்.